வெயில் ஏறினால் மழை வருமா? ஈரோடு பக்கம் இந்தச் சித்திரை

ஏப்ரல் 9, காலை

சென்னிமலைப் பக்கம் மேட்டுக்காடு வைத்திருக்கும் ஒருவர் கேட்டது:

"மூன்று ஏக்கர் மானாவாரி. கோடை உழவு ஓட்ட ஒரு உழவு மழை வேண்டும். வெயில் ஏற ஏற மழை வரும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். வெயில் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, மழையைக் காணோம். வானிலை அறிக்கையில் தினமும் 'ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை' என்று போடுகிறார்கள். நம்பி டிராக்டருக்குச் சொல்லி வைக்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம் அண்ணா. நான் கோபி பக்கம், வாழை போட்டிருக்கிறேன். உங்களுக்கு மழை வேண்டும். எனக்கும் மழை வேண்டும், ஆனால் அதோடு வருகிற காற்று வேண்டாம். அதனால் மார்ச் பிறந்தால் வானத்தைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. வெயில் ஏறினால் மழை வரும் என்பது பாதிதான் உண்மை. வெயில் என்பது அடுப்பு. அடுப்பு எவ்வளவு எரிந்தாலும் பானையில் தண்ணீர் இல்லையென்றால் ஆவி எங்கிருந்து வரும்? எங்கள் மாடியில் நேற்று மதியம் 44 டிகிரி காட்டியது, வானத்தில் ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. வெயில் மட்டும் போதும் என்றால் நேற்றே கொட்டியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 9, இரவு

அந்த "ஓரிரு இடங்களில்" பற்றிக் காலையில் சொல்ல விட்டுப்போனது. நாம் பேச்சில் சொல்கிற ஓரிரு அல்ல அது, அதற்கு ஒரு கணக்கு உண்டு. மழைமானி நிலையங்களில் கால்வாசி வரைக்கும் மழை பதிவானால் ஓரிரு இடங்கள். 26 முதல் 50 சதவீதம் என்றால் ஒரு சில இடங்கள். 51 முதல் 75 என்றால் பல இடங்கள். அதற்கும் மேலே போனால்தான் பெரும்பாலான இடங்கள். மழை பெய்தது என்று சேர்த்துக்கொள்ள 2.5 மி.மீ.யாவது விழுந்திருக்க வேண்டும். தமிழ்நாடு, புதுவை, காரைக்கால் மூன்றும் சேர்ந்து வானிலைக் கணக்கில் ஒரே உட்பிரிவு. ஆக, ஓரிரு இடங்கள் என்று போட்ட அன்று நாலில் மூன்று இடம் காய்ந்து கிடந்தாலும் அறிக்கை சரிதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த அறிக்கை மேல் இருந்த கோபமே போய்விட்டது. அவர்கள் நம் காட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, "எங்கோ பெய்யும்" என்பதைத்தான் கணக்கோடு சொல்கிறார்கள்.

"ஓரிரு" என்பது "ஒரு சில" என்று மாறுகிற நாளைக் கவனியுங்கள். உங்கள் டிராக்டருக்கு அதுதான் முதல் சேதி.

ஏப்ரல் 11

திருத்தம். 9-ஆம் தேதி காலையில் மாடியில் 44 என்று எழுதியது தப்பு. கரூரிலிருந்து ஒருவர், "வெப்பமானி எங்கே தொங்குகிறது?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். மேற்குச் சுவரில், ஆணியில். மதியம் முழுக்க அந்தச் சுவரில் வெயில். அப்படியானால் நான் அளந்தது காற்றின் சூட்டை அல்ல, சுவரின் சூட்டை. வானிலை நிலையத்தில் வெள்ளை அடித்த, காற்று புகுந்து போகிற சட்டங்கள் வைத்த பெட்டிக்குள், தரையிலிருந்து கிட்டத்தட்ட ஆள் மார்பு உயரத்தில், நிழலில் வைத்து அளப்பார்கள். நேற்று நானும் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, வடக்கே வேப்பமர நிழலில் தொங்கவிட்டேன். 39. ஐந்து டிகிரி வித்தியாசம்! காரில் காட்டுகிற எண்ணைப் படம் பிடித்து 47, 48 என்று அனுப்புகிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொன்றும் அவரே கேட்டார், இது வெப்ப அலையா என்று. சமவெளியில் 40 டிகிரியைத் தொட வேண்டும், அதோடு அந்த இடத்தின் அந்தக் காலத்துச் சராசரியைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும், அப்போதுதான் வெப்ப அலை. கடலோரத்துக்கு 37 டிகிரி, மலைக்கு 30. சராசரி என்னவாக இருந்தாலும் 45-ஐத் தொட்டுவிட்டால் வெப்ப அலைதான். கரூர் பரமத்தி, வேலூர், ஈரோடு, திருத்தணி இதெல்லாம் சித்திரையில் எப்போதுமே கொதிக்கிற ஊர்கள், சராசரியே உயரம். அதனால் 40 தாண்டியும் பல நாள் வெப்ப அலை என்று அறிவிக்க மாட்டார்கள். அறிவிப்பு வராததால் உடம்புக்குச் சூடு குறைந்துவிடப் போவதில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது.

இன்று ஒன்று கவனித்தேன், அதை எழுதத்தான் வந்தேன். மதியம் சாப்பிட உட்காரும்போது மண்பானைத் தண்ணீர் பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. அம்மா, "இப்படிச் சில்லுனு இருந்தா மழை வராதுடா" என்றார். எங்கள் அப்பாரு (தாத்தா) சொல்லுவாராம். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன், யோசித்தால் இதுதான் சரியான கருவி! பானையில் கசிகிற தண்ணீர் ஆவியாகும்போதுதான் உள்ளே குளிர்கிறது. வெளிக்காற்று காய்ந்திருந்தால் வேகமாக ஆவியாகும், தண்ணீர் நன்றாகக் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடம் இல்லை, பானை வெதுவெதுப்பாகவே இருக்கும், நம் உடம்பு வேர்வையும் காயாமல் புழுங்கும். அதாவது பானை குளிர்ந்தால் அடுப்பு எரிகிறது, தண்ணீர் இல்லை என்று அர்த்தம். பானை குளிராமல் போகிற நாளில்தான் மழைக்கான சரக்கு காற்றில் வந்து சேர்ந்திருக்கிறது.

ஏப்ரல் 15

பானை இன்றும் சில்லென்று இருக்கிறது.

ஏப்ரல் 18

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பவர் இல்லை, மோட்டார் ஓடாது, நேரம் இருக்கிறது.

அந்த ஈரம் எங்கிருந்து நமக்கு வருகிறது? கொங்கு நாட்டுக்கு இரண்டு வாசல். மேற்கே பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கிறது, அந்த ஒரு இடத்தில் மட்டும் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கிறது, அரபிக்கடல் காற்று அந்த வழியாகக் கோவை, பல்லடம், திருப்பூர் வரைக்கும் வரும். கிழக்கே காவிரிச் சமவெளி. வங்கக்கடல் காற்று தஞ்சாவூர், திருச்சி, கரூர் என்று ஏறி வரும். இந்த இரண்டு காற்றும் உள் மாவட்டத்தில் எங்கோ முட்டிக்கொள்ள வேண்டும். முட்டினால் இரண்டும் எங்கே போகும், மேலேதான் போகும். அறிக்கையில் "கிழக்கு திசைக் காற்றும் மேற்கு திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி" என்று எழுதுகிறார்களே, அது இதுதான். சில நாள் அந்தக் கோடு மகாராஷ்டிரத்தின் விதர்பாவிலிருந்து உள் கர்நாடகம் வழியாகத் தென் தமிழகம் வரை நீளமாக இறங்கியிருக்கும். கோடு நம் தலைக்கு மேல் வந்தால் மழை நமக்கு, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி நின்றால் அவர்களுக்கு. முன்பெல்லாம் அறிக்கையில் மாவட்டப் பெயரை மட்டும் தேடிப் படித்துவிட்டு மூடிவிடுவேன். இப்போது இந்த வரியைத்தான் முதலில் படிக்கிறேன்.

சென்னையில் இருக்கும் என் தங்கைக்கு இது வேறு மாதிரி. அங்கே எல்லாம் கடற்காற்றின் கையில். பதினொன்று, பன்னிரண்டு மணிக்குக் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் 36, 37-இல் நின்றுவிடும், வேர்வை மட்டும் ஊற்றும். மேற்குத் தரைக்காற்று பலமாக வீசிக் கடற்காற்றை வாசலிலேயே நிறுத்திவிட்டால் இரண்டு, மூன்று மணிக்குள் வெப்பம் 40-ஐத் தாண்டிவிடும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கடல் பக்கத்திலேயே இருக்கிறது, காற்று மட்டும் இந்தப் பக்கம் திரும்பவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு அதுதான் அளவு.

"உங்களுக்குக் கடல் இருக்கு, எங்களுக்கு மலை இருக்கு" என்று தங்கையிடம் சொன்னேன். "மலையை இங்க அனுப்பு, கடலை எடுத்துக்க" என்றாள்.

ஏப்ரல் 22

மேகம் பிறந்துவிட்டது. மதியம் இரண்டு மணிக்குச் சத்தியமங்கலம் மலைக்கு மேல் காலிஃபிளவர் மாதிரி மூன்று மேகம் எழும்பியது. நாலு மணிக்குள் தலை தட்டையாகி, பக்கவாட்டில் பரவி, கரைந்தே போய்விட்டது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் சூடான, காய்ந்த காற்று ஒரு மூடி மாதிரி உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் ஆகும். கீழே இருந்து எழும்புகிற காற்று அந்த மூடியை முட்டிவிட்டுத் திரும்பிவிடும். இடிமேகம் ஆக வேண்டுமென்றால் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரம் போக வேண்டும்.

மூடி உடைகிற நாள்தான் ஆபத்தான நாளும். அதுவரை அடைந்து கிடந்த சூடும் ஈரமும் ஒரே மூச்சில் மேலே கிளம்பும்.

வாழைக்கு முட்டுக் கொடுக்க ஆள் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 24

பானைக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. கடலூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார், அவர் வீட்டில் சித்திரை முழுக்கப் பானை வெதுவெதுதான், மழை மட்டும் வருவதே இல்லை என்று. அவர் சொல்வது நியாயம். கடலோரத்தில் ஈரத்துக்கு என்றைக்குமே பஞ்சம் இல்லை, அங்கே குறைவது மேலே தூக்கிவிடுகிற ஆள். நமக்கு உள் மாவட்டத்தில் நேர் எதிர். வெயில் நிலத்தைச் சூடாக்கித் தூக்கிவிடத் தயாராக இருக்கிறது, மலை வேறு துணைக்கு இருக்கிறது, ஈரம் வந்தால் போதும். ஆகவே பானை உள் மாவட்டத்துக்கு மட்டும். அதுவும் புதுப் பானையாக, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். பழைய பானையில் உப்புப் படிந்து கசிவு நின்றுவிட்டால் எந்த நாளும் குளிராது, அதைப் பார்த்து மழை வருமென்று நம்பிவிடக் கூடாது.

இன்று பானை: நேற்றைவிடச் சூடு. காலையில் துவைத்துப் போட்ட வேட்டி பதினொன்றரைக்கும் காயவில்லை.

ஏப்ரல் 28

மழைப் பேச்சிலேயே வெயிலை விட்டுவிட்டேன். இன்று ஒரு பெரியம்மா எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் மஞ்சள் வேக வைக்கிற இடத்தில் மயங்கி விழுந்துவிட்டார். மதியம் பன்னிரண்டரை. நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியை உடம்பெல்லாம் போட்டு விசிறி, தெளிந்த பிறகு உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம், சரியாகிவிட்டார். வேர்வை நின்று, தோல் காய்ந்து சுட்டு, பேச்சுக் குழறினால் அது மயக்கம் அல்ல, வெப்பவாதம். அப்போது வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பைக் குளிரவைத்துக்கொண்டே 108-க்குச் சொல்லிவிட வேண்டும்.

புழுக்கம் ஏறுகிற நாளில் இது இன்னும் மோசம். வெப்பமானி 38 காட்டினாலும் வேர்வை ஆவியாகவில்லை என்றால் உடம்பு பானை மாதிரிதான், குளிராது. மழைக்கு நல்ல அறிகுறி என்று நான் கொண்டாடிக்கொண்டிருந்த அதே ஈரம்தான் காட்டில் வேலை செய்கிறவரைச் சாய்க்கிறது. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். இரவு நேரச் சூட்டையும் கவனியுங்கள். ராத்திரி 28-க்குக் கீழே இறங்காமல் நாலைந்து நாள் போனால் உடம்புக்கு ஓய்வே கிடையாது, வயசானவர்கள் முதலில் தளர்ந்துவிடுவார்கள்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி. ஊட்டியில் வளர்ந்தவர்கள் வீட்டில் மின்விசிறி தேடினார்கள் என்று கேள்விப்பட்டபோதுதான் எனக்கு அதன் கனம் புரிந்தது.

மே 1

"வங்கக்கடலில் புயல் உருவானால் நமக்கு மழை வருமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்தது. 2019-இல் ஃபானி உருவானபோது வட தமிழகத்துக்கு வரும் என்று முதலில் ஒரு பேச்சு இருந்தது. நான்கூட இரண்டு நாள் தண்ணீர் பாய்ச்சாமல் காத்திருந்தேன். அது திரும்பி வடக்கே போய் மே 3 அன்று ஒடிசாவில் புரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புயல் வடக்கே போகும்போது நம் பக்கத்து ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும், பதிலுக்கு மேற்கிலிருந்து காய்ந்த தரைக்காற்றை நம் மேல் இழுத்துவிடும். மழை வராததோடு வெயிலும் கூடியது. இப்போது புயல் என்று கேட்டால் நான் தண்ணீரை நிறுத்துவதில்லை.

மே 4

கத்திரி ஆரம்பம். பஞ்சாங்கக் கணக்கில் சூரியன் பரணி மூன்றாம் பாதத்தில் நுழைவதிலிருந்து ரோகிணி முதல் பாதம் தாண்டும் வரைக்கும், சித்திரை 21-லிருந்து வைகாசி 14 வரை. வானிலைத் துறைக் கணக்கில் அப்படி ஒரு காலமே கிடையாது. பஞ்சாங்கம் தப்பு என்று சொல்ல வரவில்லை. பல தலைமுறை இந்த நாட்களில் வெந்திருக்கிறது, அதனால் பெயர் வைத்தார்கள். ஆனால் வருடத்துக்கு வருடம் மாறும். 2025-இல் தென்மேற்குப் பருவமழை கேரளாவில் மே 24 அன்றே தொடங்கிவிட்டது, வழக்கமான ஜூன் 1-க்கு ஒரு வாரம் முன்னால், கத்திரி முடிவதற்குள். அதற்கு முந்தைய வருடம் கத்திரி பிறப்பதற்கு முன்பே நாம் வெந்துவிட்டோம். அதனால் கத்திரி கழிந்தால் வெயில் போய்விடும் என்று மேட்டுக்காட்டு வேலையைத் தள்ளிப் போடாதீர்கள், மழை கத்திரிக்கு நடுவிலேயேகூட வரும்.

இன்று அறிக்கையில் "ஒரு சில இடங்களில்" என்று மாறியிருக்கிறது. சென்னிமலை அண்ணா, பார்த்தீர்களா?

மே 5, இரவு 10 மணி

வடமேற்கே வானம் முழுக்க மின்னல். சத்தம் வரவில்லை. மகள் மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணிக்கொண்டிருக்கிறாள், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எண்ணுகிற நொடியை மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்று தெரியும். அறுபது வரைக்கும் எண்ணிப் பார்த்துவிட்டு, "இது நம்ம இடி இல்லப்பா" என்று சொல்லித் தூங்கப் போய்விட்டாள். சரியாகத்தான் சொன்னாள். இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் ஒளி தெரியும், இடி கேட்காது.

இந்த எண்ணிக்கை விளையாட்டுக்கு மட்டும் அல்ல. முப்பதுக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, காட்டில் இருந்தால் உடனே கட்டடத்துக்குள் வர வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே. எங்கள் பக்கம் மழை வந்ததும் ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் நிற்பார்கள், அதைப்போல ஆபத்து வேறில்லை. தாமினி செயலியில் பக்கத்தில் எங்கே மின்னல் விழுகிறது என்று காட்டும், புனேயில் இருக்கும் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்தது. 2022-இல் மட்டும் நாடு முழுக்க 2,887 பேர் மின்னலில் இறந்திருக்கிறார்கள், ஒரே வருடத்தில். இன்னொரு முக்கியமான விஷயம்: மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயந்து ஒதுங்குகிறார்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. தாராளமாகத் தொட்டு, மூச்சு இல்லையென்றால் உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்யலாம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் உயிர் இருக்கிறது.

மே 6, அதிகாலை

வந்தது. மழை இல்லை, காற்று.

ஒரு மணிக்கு மேல். முதலில் ஒரு நிமிடம் அசைவே இல்லாமல் நின்றது, நாய்கூடக் குரைக்கவில்லை. பிறகு வடமேற்கிலிருந்து குளிர்ந்த காற்று ஒரு தள்ளு. மண்வாசம். வாழை இலை கிழிகிற சத்தம் துணி கிழிகிற மாதிரி கேட்டது. பத்து நிமிடம்தான். மழைமானியில் 1 மி.மீ.கூட இல்லை. டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், வடக்கு ஓரத்தில் முட்டுக் கொடுக்காத இரண்டு வரிசை படுத்துவிட்டது. 41 மரம். எல்லாம் தார் விட்டு இரண்டு மாதம் ஆனவை.

மே 6, மதியம்

காலையில் எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள், மழையே இல்லாமல் காற்று எப்படி என்று. மழை இல்லாததால்தான் அந்தக் காற்று. மேலே மேகத்திலிருந்து மழை விழுந்திருக்கிறது, கீழே காற்று காய்ந்திருந்ததால் தரையைத் தொடுவதற்குள் ஆவியாகிவிட்டது. தண்ணீர் ஆவியாகும்போது சுற்றிலும் குளிரும், அதே பானைக் கணக்குதான். குளிர்ந்த காற்று கனம். அது மேலிருந்து குடத்தைக் கவிழ்த்த மாதிரி இறங்கித் தரையில் மோதி நாலாபுறமும் ஓடுகிறது. அறிக்கையில் "மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று" என்று மழைக்குப் பக்கத்திலேயே ஒரு வரி வரும். நாம் மழையை மட்டும் படித்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம். வாழைக்காரர்களுக்கு அந்த வரிதான் முக்கியம்.

ஆறு வருடம் முன்பு நேந்திரன் 900 மரத்தில் முன்னூறுக்கு மேல் இதேபோல அரை மணி நேரத்தில் போனது. அந்த வருடம் முட்டு ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு அப்பா வரப்பில் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை, அம்மா போய்க் கூட்டி வந்தார். இந்த முறை முட்டுக் கொடுத்த வரிசையில் மூன்றுதான் சாய்ந்தது. சவுக்குக் கழி விலையைப் பார்த்து வடக்கு ஓரத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், காற்று வருகிற திசை அதுதான் என்று தெரிந்தும். யாராவது பாதிதான் முட்டுக் கொடுக்க முடியும் என்றால், காற்று வருகிற பக்கத்தில் ஆரம்பியுங்கள்.

மே 7

பானை இன்று சுத்தமாகக் குளிரவில்லை. விடியற்காலையிலேயே புழுக்கம். பத்து மணிக்கே மேகம் முளைத்துவிட்டது, 22-ஆம் தேதி பார்த்த மேகம் இரண்டு மணிக்குத்தான் முளைத்தது. அறிக்கையில் அந்த இரு காற்றும் சந்திக்கும் கோடு உள் தமிழகத்தின் மேல் இருக்கிறது. அண்ணா, இன்று டிராக்டருக்குச் சொல்லி வையுங்கள். நாளைக்கு அல்ல, மழை பெய்து ஒருநாள் விட்டு மறுநாளுக்கு.

மாவட்ட வாரியாக மூன்று மணி நேரத்துக்கு ஒரு உடனடி முன்னறிவிப்பு வரும், மதியத்துக்கு மேல் அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பத்து நாள் முன்னறிவிப்பு இந்த மாதிரி இடிமழைக்கு உதவாது, மேகம் பிறந்து இரண்டு மணி நேரத்தில் அதன் ஆயுளே முடிந்துவிடுகிறது.

மே 7, மாலை 6.40

தெற்கே கும்மென்று இருட்டிவிட்டது. பெருந்துறை பக்கம் பலமாக மின்னுகிறது. எழுபது வரைக்கும் எண்ணினேன், இடி கேட்கவில்லை. எங்களுக்கு இல்லை.

மே 8, காலை

எங்கள் மழைமானியில் பூஜ்யம். காலை எட்டரைக்குப் பார்த்தேன், எட்டரையிலிருந்து எட்டரை வரைதான் ஒருநாள் கணக்கு. நேற்று மாலை மழை பெய்தாலும் இன்றைய தேதியில்தான் வரும், அதனால் பட்டியலில் நேற்றைத் தேதியில் தேடாதீர்கள்.

சென்னிமலை அண்ணனிடமிருந்து சேதி வந்திருக்கிறது. முக்கால் மணி நேரம் விடாமல் பெய்ததாம். அவரிடம் மழைமானி இல்லை, வெளியில் இருந்த நேர்ப்பக்க டப்பாவில் அளவுகோலை விட்டுப் பார்த்தால் மூன்றரை சென்டிமீட்டர், அதாவது 35 மி.மீ. அது போதும், அடி அகலமும் வாய் அகலமும் ஒன்றாக இருந்தால் டப்பா சொல்வது சரிதான். காட்டில் கடப்பாரையை ஊன்றிப் பார்த்ததில் ஒரு சாணுக்கு மேல் ஈரம் இறங்கியிருக்கிறதாம். உழவு மழை! அவருடைய மச்சான் காடு மூன்று கிலோமீட்டர் தள்ளி, அங்கே தூறல்தானாம்.

எனக்கு நேற்று வராதது வருத்தம்தான், 41 மரம் போன பிறகு ஒரு மழையாவது கிடைத்திருக்கலாம். ஆனாலும் காலையில் அந்தச் சேதியைப் படித்ததும் அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அம்மா கேட்டது ஒன்றுதான், "சரிவுக்குக் குறுக்கே ஓட்டச் சொன்னியா?"

அண்ணா, சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். அடுத்த மழை ஓடிப் போகாமல் அங்கேயே நிற்கும். நாளைக்கு மண் கையில் ஒட்டாமல் உதிர்ந்தால் ஓட்டலாம், ஒட்டினால் இன்னும் அரை நாள் பொறுங்கள். ஓட்டி முடித்ததும் எழுதுங்கள். நான் வடக்கு ஓரத்துக்குக் கழி இறக்கப் போகிறேன், பானை இன்றும் குளிரவில்லை.